நகப்பூச்சுப் புள்ளி

கொழும்பில் விலை கேட்டேன்.
முப்பத்தெட்டாயிரம்,
திருகத் திருக வெளிச்சத்தைக் குறைக்கிற
ஒரு வட்டக் கண்ணாடிக்கு.
என் கமராவையே
அதைவிடக் குறைச்சலுக்குத்தான் வாங்கினேன்.

என்.சி. வீதியில்
நான் போன் திருத்துகிற கடையின் பின்பக்கம்
ஒரு பிஸ்கட் பெட்டி நிறையச் செத்த திரைகள்.
விழுந்தவை, மிதிபட்டவை,
கிண்ணியாப் பாலத்தில் ஓட்டோச் சில்லுக்குள் போனவை.
ஒவ்வொன்றின் முகத்திலும்
வெளிச்சத்துக்கு வகிடெடுக்கிற ஒரு தாள் ஒட்டியிருக்கும்.
பார்த்தால் வெறும் புகை நிறம்.

கத்தி நுனியால் மூலையைக் கிளப்பி
மூச்சை அடக்கி இழுத்தேன்.
மூன்று கிழிந்தது.
நாலாவது வெங்காயத் தோல் மாதிரி வந்தது.
பசைக்கு ஸ்பிரிட். பிறகும் பசை. பிறகும் ஸ்பிரிட்.
"தலையிடிக்குது புள்ள, வெளியில கொண்டு போய்ச் செய்"
என்றாள் மிஸ்ரியா,
சார்ஜ் ஏறாத யாருடையதோ போனுக்குள்
கடல் மண்ணைத் தோண்டிக்கொண்டு.

இரண்டு தாள் வேண்டும்.
இரண்டு சீப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.
பல்லோடு பல் ஒத்து வைத்தால் ஈர்க்கு நுழையும்,
குறுக்கே வைத்தால் பேன்கூட நுழையாது.
அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் முதல்நாள் இருளவில்லை.
திருப்பத் திருப்ப
மஞ்சள், பிறகு நீலம், மறுபடி மஞ்சள்.
அரைநாள் திட்டித் தீர்த்த பிறகுதான்
முன்தாளைப் புரட்டிப் போட்டுப் பார்த்தேன்.
கடைக்குள் ராத்திரி வந்தது.

மிஸ்ரியா கதிரையை விட்டு எழும்பி வந்தாள்.
கண்ணில் வைத்துத் திருப்பினாள்.
பகல். அந்தி. ராத்திரி. பகல்.
"என்ன புள்ள இது,
நோன்பு திறக்கிற நேரத்த
கையில வச்சிருக்காய்."

உள்வளையம் உடைந்த ஒரு ஃபில்டருடையது.
வெளிவளையம் முகக்கிறீம் போத்தல் மூடி,
நடுவை வெட்டி, அரத்தால் ராவி,
உட்பக்கம் கறுப்பு மார்க்கர் பூசியது.
இருட்டு நிறைகிற இடத்தில்
சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி.
அதைத் தாண்டி ஆசைப்பட்டால்
படத்தின் குறுக்கே கறுப்பாய்ப் புள்ளடி விழும்,
கணக்குக் கொப்பியில் விழுமே, அது.

ஞாயிறு பகல் பன்னிரண்டரை. டச்சு பே.
கண் கூசி ஒருவரும் படம் எடுக்காத நேரம்.
முக்காலியைப் புதைத்தேன்.
கால் சுட்டது, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
ஒருமுறை அலையில் நனைத்து வந்தேன்.
புள்ளி வரைக்கும் திருகினேன்.
இருபது விநாடி.

அந்த இருபதுக்குள்
பந்துக்குப் பின்னால் ஏழெட்டுப் பொடியன்கள் ஓடினார்கள்,
கண்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம்
உடுப்போடு கடலில் கத்தியது,
ஐஸ்கிறீம்காரர் மணி அடித்துக்கொண்டு குறுக்கே போனார்,
நேவிப் படகு ஒன்று விரிகுடாவைக் கிழித்தது.
என் குடை காற்றில் எழும்பியது,
துரத்திக்கொண்டு நானும் ஓடினேன்.

படத்தில்
கடல் அரிசி கழுவின தண்ணீர்.
பாறை இருக்கிறது, பாறை மேல் கோயில் இருக்கிறது.
கோட்டையிலிருந்து இறங்கி வந்த மான் ஒன்று
சோளப் பொத்திகளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது:
உடம்பு முழுசாய், புள்ளி புள்ளியாய்.
தலை மட்டும் இல்லை,
அது அசை போட்டிருக்கிறது.

மிஸ்ரியாவுக்கு அனுப்பினேன்.
"வடிவா இருக்கு. ஆக்களெல்லாம் எங்க?"

இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு
உடனே பதில் எழுத வராது.
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
எல்லாரும் நின்டவை என்று அனுப்பினேன்.

பிறகுதான் பெருப்பித்துப் பார்த்தேன்.
கீழ் மூலையில், ஈர மணலுக்கு ஒரு முழம் இப்பால்,
என் செருப்புச் சோடி.
துல்லியம்.
இடது வாரில் நான் குத்தின
கம்பிகூடத் தெரிகிறது.